சரிந்த ஒன்பது

டூரோ ஆற்றங்கரைச் சரிவில்
ஒவ்வொரு திராட்சைக் கொல்லைக்கும் ஓர் எழுத்து உண்டு.
ஏ-யில் தொடங்கிக் கீழிறங்கும்.
எவ்வளவு உயரம், எந்தத் திசை பார்க்கிறது,
மண்ணா பலகைக்கல்லா, கொடிக்கு வயதென்ன,
வாடைக்காற்று மோதுமா மோதாதா,
எல்லாவற்றுக்கும் மதிப்பெண்.
கூட்டினால் எழுத்து.
எழுத்துக்கேற்ற பீப்பாய்.
அந்தக் கணக்குக்குள் அடங்கும் சாறு மட்டும்
சாராயம் சேர்ந்து போர்ட் ஒயினாகும்,
கழுத்தில் எண்ணிட்ட முத்திரைச் சீட்டு அணிந்துகொள்ளும்.
மிச்சம், வந்த விலைக்கு.

அந்த எழுத்துகளைச் சரிபார்க்கிறவன் நான்.
பதினாறு வருடமாக.
ஏறி இறங்கி முழங்கால் வலிக்கிறது.
மனசாட்சி, எப்போதாவது.

பிப்ரவரி மழையில்
எர்மெலிந்தா சரைவாவின் மதில் உடைந்தது.
கல்லோடும் மண்ணோடும் ஒன்பது கொடிகள் கீழே போய்
அடெரிட்டு மோர்கடோவின் நிலத்தில் நின்றன.
நின்றன என்றுதான் சொல்கிறேன்.
வேர் மண்ணை விடவில்லை, மண் வேரை விடவில்லை.
பேருந்தில் தூங்கிப்போய்
அடுத்த ஊரில் இறங்கியவர்கள் மாதிரி
கொஞ்சம் சாய்ந்து, மற்றபடி நலமாக.
செப்டம்பரில் நான் போனபோது
குலைகள் கறுத்துத் தொங்கின.

மேல் நிலம் டி. கீழ் நிலம் சி.
இங்கே ஆற்றை நெருங்க நெருங்க மதிப்பெண் ஏறும்.
விழுந்ததாலேயே பதவி உயர்வு பெற்றவை
என் பணிக்காலத்தில் இந்த ஒன்பதுதான்.
கொடிகளில், என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

"கொடி என்னுடையது," என்றாள் எர்மெலிந்தா.
"நான் ஒட்டுக் கட்டியது. இதோ கத்தி நழுவிய இடம்."
கட்டைவிரலில் வெள்ளையாக ஒரு கோடு.
"எழுத்து என்னுடையது," என்றார் அடெரிட்டு.
"எழுத்தை நீயே வைத்துக்கொள். குலையைக் கொடு."
"எழுத்தில்லாத குலையை வைத்து என்ன செய்வாய்?"
"தின்பேன்."
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் படிவத்தைப் பார்த்தேன்.

'அழிந்த கொடிகள்' என்று அதில் ஒரு கட்டம்.
'புதிதாக நட்டவை' என்று ஒரு கட்டம்.
அழியவில்லை. யாரும் நடவில்லை.
அனுமதியின்றி நட்டால் அபராதம் என்று
பின்பக்கம் பொடியெழுத்தில் இருக்கிறது.
மழைக்கு அதை அனுப்பலாம்,
முகவரி வேண்டுமே.

ஒரு பழத்தை இனிப்புமானியில் பிழிந்து
வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
மேல் நிலத்துப் பழம் பன்னிரண்டரை.
கீழ் நிலத்துப் பழம் பதின்மூன்றரை.
இந்த ஒன்பதும் பதின்மூன்று,
அல்லது கோட்டுக்குச் சற்று மேலே.
கண்ணுக்கும் வயதாகிறது.
பிழிந்த தோலை வாயில் போட்டுக்கொண்டேன்,
விதி அதைத் தடுக்கவில்லை.

அன்று 'நிலுவை' என்று எழுதினேன்.
நல்ல சொல். எதையும் அதற்குள் படுக்க வைக்கலாம்.

அறுவடையில் யார் பறித்தார்கள் என்று
கேட்பது என் வேலை. கேட்கவில்லை.
காம்பு வெட்டிய தடம் இரண்டு விதமாக இருந்தது:
கத்தரியின் நேர்வெட்டு, வளைகத்தியின் சாய்வெட்டு.
ஒரே கொடியில் இரண்டும்.

ஜனவரியில் மதில் எழும்பிவிட்டது.
சாந்து இல்லை, கல்மேல் கல்.
நேரே வந்த சுவர் அந்த இடத்தில் மட்டும்
வயிற்றைத் தள்ளிக்கொண்டு
கீழ் நிலத்துக்குள் போய்த் திரும்புகிறது.
ஐந்து கொடிகள் மேலே, நான்கு கீழே.
அந்தப் பேரம் நடந்தபோது நான் இல்லை.
நடுவில் ஒரு கல்லின்மீது
கழுவாத இரண்டு கண்ணாடிக் குவளைகள்,
அடியில் சிவப்பு காய்ந்து.

இன்று தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம்:
'நிலுவை என்று குறித்தது யாது?
எல்லையில் மாற்றம் உண்டா?
பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கவும்.'

வரைபடத்தை விரித்தேன்.
அதில் அந்த மதில் இன்னும் நேர்கோடு,
யாரோ அடிக்கோல் வைத்து இழுத்தது.
பென்சிலை எடுத்துச் சீவினேன்.
முனை உடைந்தது. மறுபடியும் சீவுகிறேன்.